லேஹர் பண்ணையின் ஃபிரான்ட்ஸும் ஃபிரான்சிஸ்காவும்

1943 பிப்ரவரி 23 அன்று, ஆஸ்திரியாவின் ஜெர்மன் எல்லையோரம் உள்ள சாங்க்ட் ராடெகுண்ட் என்ற சிற்றூரில், லேஹர் பண்ணை வீட்டுக்கு ராணுவத்திலிருந்து அழைப்பாணை வந்தது. வீட்டில் வயதான தாய், மனைவி, மூன்று பெண் குழந்தைகள். மூத்தவளுக்கு ஐந்து வயது, இளையவளுக்கு மூன்றுகூட நிறையவில்லை. வெளியே மாடுகளும் கொஞ்ச நிலமும் இருந்தன. கடிதத்துக்குக் கையெழுத்திட்ட முப்பத்தைந்து வயது விவசாயி, தன் மரண தண்டனைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டதாக மனைவியிடம் சொன்னார். ஹிட்லரின் போரில் துப்பாக்கி ஏந்துவதில்லை என்று அவர் முன்பே முடிவு செய்திருந்தார்.

அவர் பெயர் ஃபிரான்ட்ஸ் யேகர்ஷ்டெட்டர். 2007 முதல் கத்தோலிக்கத் திருஅவை அவரை அருளாளர், மறைசாட்சி என்று வணங்குகிறது. அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் மனசாட்சியைப் பற்றியே எழுதுகிறார்கள். அது சரிதான். ஆனால் அவர் ஒரு விவசாயி என்பதை முதல் வரியில் சொல்லிவிட்டு அடுத்த வரியில் மறந்துவிடுகிறார்கள். அவர் ராணுவத்தில் சீருடை அணிந்து, உறுதிமொழி எடுத்து, மாதக்கணக்கில் பயிற்சி பெற்றவர் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அவர் ஏன் மறுத்தார் என்பதை அந்த இரண்டையும் விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது என்று நான் நம்புகிறேன். அதற்காகவே இந்தக் கட்டுரை.

சாங்க்ட் ராடெகுண்ட் சால்சாக் ஆற்றின் கரையில் இருக்கிறது. ஆற்றுக்கு அப்பால் ஜெர்மனியின் பவேரியா. ஹிட்லர் பிறந்த பிரவுனாவ் நகரமும் அதே வட்டாரம்தான். 1907 மே 20 அன்று ஃபிரான்ட்ஸ் பிறந்தபோது அவருடைய தாயும் தந்தையும் திருமணம் செய்துகொண்டிருக்கவில்லை. இருவரும் அடுத்தவர் பண்ணையில் கூலிக்கு உழைத்தவர்கள். குடும்பம் நடத்த வழியில்லாத வறுமை. பாட்டி எலிசபெத் ஹூபர்தான் குழந்தையை வளர்த்தார். பெற்ற தந்தை முதல் உலகப் போரில் மாண்டார். ஆக, போர் என்பது அந்தச் சிறுவனுக்குப் பாடப்புத்தகத்துச் செய்தி அல்ல.

1917இல் தாய் ரோசாலியா, லேஹர் பண்ணையின் உரிமையாளரான ஹைன்ரிஷ் யேகர்ஷ்டெட்டரை மணந்தார். அவர் சிறுவனைத் தத்தெடுத்துத் தன் குடும்பப் பெயரைக் கொடுத்தார். அந்த வீட்டில் ஒரு தாத்தாவும் வந்து சேர்ந்தார். வளர்ப்புத் தந்தையின் தந்தையான அந்த முதியவருக்குப் படிக்கும் பழக்கம் உண்டு. பேரனுக்கும் அதைத் தொற்ற வைத்தார். ஃபிரான்ட்ஸ் படித்தது ஊர்த் தொடக்கப் பள்ளி மட்டும்தான். ஆனால் வாசிப்பு கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை. வாசிக்காதவனுக்குச் சொந்தக் காலில் நிற்க வராது, அடுத்தவர் பேச்சுக்கெல்லாம் ஆடவேண்டி வரும் என்ற பொருளில் பிற்காலத்தில் தன் ஞானஸ்நானப் பிள்ளைக்கு எழுதினார்.

இருபது வயதில் அவர் ஸ்டைரியா மாநிலத்தில் உள்ள ஐசனெர்ட்ஸுக்கு, இரும்புத் தாதுச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனார். 1927 முதல் 1930 வரை அங்கே இருந்தார். கோயிலுக்குப் போவது நின்றது, நம்பிக்கை ஆட்டம் கண்டது. பிறகு அதே நம்பிக்கை முன்பைவிட உறுதியாகத் திரும்பியது. ஊருக்கு வரும்போது கையில் சேர்ந்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி வந்தார். ஊரில் அதுதான் முதல் மோட்டார் சைக்கிள். 1933இல் வளர்ப்புத் தந்தை இறந்ததும் பண்ணை இவர் பொறுப்புக்கு வந்தது. அதே ஆண்டு, திருமணத்துக்கு வெளியே அவருக்கு ஒரு மகள் பிறந்தாள், பெயர் ஹில்டகார்ட். இதை மறைத்து எழுதும் பக்தி நூல்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த மகள் அவர் வாழ்வின் ஒரு பகுதி. அவரைப் பிறவிப் புனிதராகக் காட்டுவது, அவர் நடந்து வந்த தூரத்தைக் குறைத்துக் காட்டுவதாகும்.

1936 பெரிய வியாழனன்று, ஏப்ரல் 9ஆம் தேதி, அவர் ஃபிரான்சிஸ்கா ஷ்வானிங்கரை மணந்தார். தேனிலவுக்கு இருவரும் ரோமுக்குத் திருப்பயணம் போனார்கள். ஒரு மலையடிவார விவசாயிக் குடும்பத்துக்கு அந்தக் காலத்தில் அது கற்பனைக்கு எட்டாத பயணம். ஃபிரான்சிஸ்கா ஆழ்ந்த இறைப்பற்று உள்ளவர். இருவரும் சேர்ந்து செபித்தார்கள், விவிலியம் வாசித்தார்கள். ஃபிரான்ட்ஸ் நாள்தோறும் திருப்பலிக்குப் போகத் தொடங்கினார். வயலில் வேலை செய்யும்போதும் செபமாலை சொன்னார். அன்றைய ஒழுங்குப்படி நள்ளிரவிலிருந்து உணவு தொடாமல் இருந்தால்தான் நற்கருணை வாங்க முடியும். உடலுழைப்புக்காரர் ஒருவர் வெறும் வயிற்றோடு தினமும் கோயிலுக்குப் போய்விட்டு வந்து வேலையில் இறங்குவதை ஊரார் விநோதமாகப் பார்த்தார்கள். மனைவிதான் அவரை இப்படி மாற்றிவிட்டாள் என்று பேசினார்கள். அந்தப் பேச்சு பிறகு ஒரு பழியாகவே வளர்ந்தது.

ரோசல், மரியா, லோயிசி என்று மூன்று பெண்கள் 1937, 1938, 1940ஆம் ஆண்டுகளில் பிறந்தார்கள்.

இதற்கிடையில் நாடே கைமாறியது. 1938 மார்ச்சில் ஜெர்மன் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. ஜெர்மனியோடு இணைப்பை ஏற்கிறீர்களா என்று ஏப்ரல் 10 அன்று வாக்கெடுப்பு. அதற்கு முன்பே, மார்ச் 18 அன்று, ஆஸ்திரிய ஆயர்கள் இணைப்பை ஆதரித்து ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டிருந்தார்கள். திருஅவையே தலையாட்டிய பிறகு ஒரு விவசாயி என்ன செய்ய முடியும்? சாங்க்ட் ராடெகுண்டில் விழுந்த ஒரே எதிர்ப்பு வாக்கு ஃபிரான்ட்ஸுடையது. ஊர் அதிகாரிகள் அதை மறைத்து, நூற்றுக்கு நூறு ஆதரவு என்று மேலிடத்துக்கு எழுதி அனுப்பினார்கள்.

அந்த ஆண்டு ஜனவரியில் அவர் ஒரு கனவு கண்டிருந்தார். மலையைச் சுற்றி ஓர் அழகான ரயில் வருகிறது. பெரியவர்கள் மட்டுமல்ல, குழந்தைகளும் அதை நோக்கி ஓடுகிறார்கள். யாராலும் தடுக்க முடியவில்லை. அப்போது ஒரு குரல், இந்த ரயில் நரகத்துக்குப் போகிறது என்கிறது. அந்த ரயில் தேசிய சோஷலிசம், அதாவது ஹிட்லரின் நாஜிக் கொள்கைதான் என்று பிற்பாடு அவர் எழுதினார். கனவை நம்புவதா என்பது வேறு விஷயம். கனவு வந்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான் என்னை ஈர்க்கிறது. ரயிலில் ஏறாமல் இருப்பது என்றால், அது தரும் சில்லறைச் சலுகைகளையும் வாங்காமல் இருப்பது என்று அவர் புரிந்துகொண்டார். குழந்தைகளுக்கு அரசு தந்த உதவித்தொகையை வாங்கவில்லை. ஆலங்கட்டி மழையில் பயிர் போனபோது கிடைக்க வேண்டிய நிவாரணத்தையும் வாங்கவில்லை. விவசாயம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும், பயிர் போன ஆண்டில் நிவாரணத்தை வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று. ஊர்த் தலைவர் பதவி தேடி வந்தது, அதையும் மறுத்தார். அரசியல் சண்டைக்கு இழுக்கிறார்கள் என்பதால் மதுக்கடைப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டார்.

இனி அவருடைய ராணுவ வாழ்க்கை.

1940 ஜூனில் முதல் அழைப்பு வந்தபோது அவர் மறுக்கவில்லை. பிரவுனாவில் மற்றவர்களைப் போலவே உறுதிமொழி எடுத்தார். ஊர்த் தலைவர் தலையிட்டு, பண்ணைக்கு இவர் தேவை என்று எழுதியதால் சில நாட்களில் திரும்பினார். அக்டோபரில் மறுபடி அழைத்தார்கள். என்ஸ் நகரில் வாகன ஓட்டுநராகப் பயிற்சி. 1941 ஏப்ரல் வரை, குளிர்காலம் முழுவதும், அவர் ஜெர்மன் ராணுவத்தின் சிப்பாய். அந்தப் படைமுகாமில் இருந்தபடியே, 1940 டிசம்பர் 8 அன்று, இல்லறத்தாருக்கான பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் சேர்ந்தார்.

அந்த மாதங்களில் அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்களும் ஃபிரான்சிஸ்கா எழுதிய பதில்களும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. காதலும் பண்ணை வேலையும் செபமும் அவற்றில் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. தனித்தனியாகப் பிரிக்க முடியாது. வேலை எப்படி நடக்கிறது, குழந்தைகள் என்ன பேசுகிறார்கள் என்பதற்கு நடுவே திடீரென்று ஒரு நற்செய்தி வசனம் வரும்.

முகாமில் அவர் இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொண்டார். ஒன்று, ராணுவம் என்பது உள்ளிருந்து எப்படி இருக்கும் என்பது. ஆணைக்குப் பணிவது எப்படி மெல்ல மெல்ல ஒரு மனிதனின் சிந்தனையைத் தின்கிறது என்று நேரில் கண்டார். இரண்டு, மனநோயாளிகள் திட்டமிட்டுக் கொல்லப்படுகிறார்கள் என்ற செய்தி. டான்யூப் கரையில் உள்ள யிப்ஸ் நகர மனநலக் காப்பகத்திலிருந்து நோயாளிகள் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்படுவதைப் பற்றி அவர் காதுக்கு வந்தது. ஏப்ரலில் வீடு திரும்பியபோது, இனி அழைத்தால் போவதில்லை என்று மனைவியிடமும் நண்பர்களிடமும் சொன்னார். மூன்றாவது அழைப்பை மறுத்தவர் ராணுவம் அறியாத அப்பாவி அல்லர். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்.

அடுத்த இரண்டு ஆண்டுகள்தான் என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் மையம். எதுவும் நடக்காத ஆண்டுகள் அவை. பகலில் பண்ணை வேலை. 1941 கோடையிலிருந்து கோயில்பிள்ளை வேலையும் சேர்ந்துகொண்டது: மணி அடிப்பது, பீடத்தை ஒழுங்கு செய்வது, திருப்பலிக்கு உதவுவது. மற்ற நேரத்தில் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். தொடக்கப் பள்ளிப் படிப்போடு நின்ற ஒருவர், பல்கலைக்கழக இறையியலாளர்கள் கேட்கத் தயங்கிய கேள்விகளை ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் விடை தேடினார்.

அவற்றுள் ஒரு கேள்வியை நான் மறக்கவே மாட்டேன். ரஷ்யா மீதான படையெடுப்பு கடவுள் மறுப்புக் கம்யூனிசத்துக்கு எதிரான சிலுவைப்போர் என்று அப்போது பிரச்சாரம் நடந்தது. கத்தோலிக்கர்கள் பலர் அதை நம்பினார்கள். ஃபிரான்ட்ஸ் கேட்டார்: இது வெறும் போல்ஷெவிசத்துக்கு எதிரான போர் என்றால், அங்கே உள்ள இரும்புத் தாதுவும் எண்ணெய்க் கிணறும் நல்ல தானிய நிலமும் ஏன் இவ்வளவு முக்கியமாகின்றன?

யார் இதைக் கேட்கிறார் என்று பாருங்கள். ஐசனெர்ட்ஸில் மூன்று ஆண்டு தாது வெட்டியவர், தாதுவின் மதிப்பு தெரிந்தவர் கேட்கிறார். சொந்த நிலத்தில் தானியம் விளைவித்தவர், நல்ல மண் என்றால் என்ன, அதற்காக மனிதர்கள் எதுவரை போவார்கள் என்று அறிந்தவர் கேட்கிறார். பக்கத்து நிலத்தின் வரப்பை நகர்த்துகிறவன் எந்த நியாயத்தைச் சொன்னாலும் விவசாயி நம்பமாட்டார்; வரப்பு எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்றுதான் பார்ப்பார். ஃபிரான்ட்ஸ் ஒரு கண்டத்தின் வரப்பை அப்படிப் பார்த்தார். ஆயர்களின் கண்ணுக்குச் சிலுவைப்போராகத் தெரிந்தது அவருக்கு நிலக்கொள்ளையாகத் தெரிந்தது. அவருடைய மறுப்பு வானத்திலிருந்து இறங்கிய தரிசனம் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான். நம்பிக்கை அவருக்குத் துணிவைத் தந்தது. கண் திறந்தது மண்ணிலும் சுரங்கத்திலும்.

தனக்குச் சரியென்று பட்டதைத் தலைக்கனத்தோடு செய்தவரும் அல்லர். போகிற இடமெல்லாம் ஆலோசனை கேட்டார். பங்குத்தந்தை கரோபாத் ஒரு மறையுரைக்காக 1940இல் கைது செய்யப்பட்டுப் பின் அந்த வட்டாரத்தை விட்டே வெளியேற்றப்பட்டிருந்தார். அவரிடம் கேட்டார். புதிதாக வந்த இளம் குரு ஃபூர்ட்ஹவரிடம் கேட்டார். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: குடும்பத்தை நினை, பொறுப்பு உன்னுடையது அல்ல, ஆட்சியாளர்களுடையது. கடைசியாக லின்ஸ் நகருக்குப் போய் ஆயர் ஃபிளீசரையே சந்தித்தார். ஃபிரான்சிஸ்கா பக்கத்து அறையில் காத்திருந்தார். வெளியே வந்த கணவரின் முகத்தில் துயரம் தெரிந்தது என்று பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார். தன்னை உளவாளி என்று ஆயர் சந்தேகப்பட்டிருப்பாரோ, அதனால்தான் மனம் திறந்து பேசப் பயந்தாரோ என்று ஃபிரான்ட்ஸ் நினைத்தார். தன்னைக் கைவிட்டவருக்காகவும் ஒரு நியாயத்தைத் தேடும் அந்தக் குணம் அவரிடம் கடைசிவரை இருந்தது. போருக்குப் போன ஊர்க்காரர்கள்மீதும் அவர் தீர்ப்பு எழுதவில்லை.

நம் கோயில்களில் செபஸ்தியார் அம்பு தைத்த உடலோடு நிற்கிறார். அவர் உரோமைப் படைவீரர். தேவசகாயம் பிள்ளை திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். 2022இல் புனிதர் பட்டம் பெற்றார். இருவரையும் தமிழ்க் கத்தோலிக்கர்கள் கொண்டாடுகிறோம். ஆனால் அவர்கள் காலத்து அரசர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். ஃபிரான்ட்ஸின் நிலை வேறு. திருமுழுக்குப் பெற்றவர்கள் நிறைந்த நாட்டில், தன்னைப் போலவே செபமாலை சொல்லும் மக்கள் நடுவில், தன் ஆயரின் அறிவுரைக்கு மாறாக அவர் தனியாக நிற்க வேண்டியிருந்தது. அவர் புனிதர்களின் வரலாறுகளை விரும்பிப் படித்தவர். அந்தத் தனிமையில் அவருக்குப் பேச்சுத்துணை அவர்கள்தான்.

வீட்டிலும் போராட்டம் இருந்தது. தாய் ரோசாலியா அழுதார், உறவினர்களை எல்லாம் பேசவைத்தார். ஃபிரான்சிஸ்காவும் முதலில் தடுத்தார். எந்த மனைவிதான் தடுக்கமாட்டாள்? பிறகு நிறுத்திக்கொண்டார். தானும் எதிர்த்து நின்றால் அவருக்கு யாருமே இல்லாமல் போயிருக்கும் என்று பிற்காலத்தில் விளக்கினார். அவர் சம்மதித்தார் என்று எழுதுவது எளிது. இந்த முடிவின் விலை முழுவதையும் தானே கட்ட வேண்டியிருக்கும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். நிலம், மாடு, மாமியார், மூன்று குழந்தைகள், ஊர்ப்பேச்சு எல்லாம் அவர் தலையில். தெரிந்தும் கணவரின் பக்கம் நின்றார்.

1943 மார்ச் 1 அன்று ஃபிரான்ட்ஸ் என்ஸ் முகாமுக்குப் போனார். மறுநாள் தன் மறுப்பைச் சொன்னார். தேசிய சோஷலிஸ்டாகவும் கத்தோலிக்கனாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு. காயம்பட்டவர்களுக்கு உதவும் மருத்துவப் பணிக்குத் தயார் என்றார். கிறிஸ்தவ அன்பின் பெயரால் அதைச் செய்யலாம் என்றார். அது ஏற்கப்படவில்லை. மே மாதத் தொடக்கம் வரை லின்ஸில் சிறை. பிறகு பெர்லினின் டேகல் சிறை.

சிறையிலிருந்தும் கடிதங்கள் தொடர்ந்தன. கட்டிய கைகளோடு எழுதுகிறேன். ஆனாலும் மனம் கட்டப்படுவதைவிட இது மேல் என்ற பொருளில் ஒரு குறிப்பு எழுதி வைத்தார். வீட்டிலிருந்து அவருக்கு ஒரு புகைப்படம் போனது. மூன்று சிறுமிகளும் வரிசையாக நிற்கிறார்கள். அன்பான அப்பா, சீக்கிரம் வாருங்கள் என்று பெரிய எழுத்தில் எழுதிய பலகையைப் பிடித்திருக்கிறார்கள். அந்தப் படத்தை இன்றும் பார்க்கலாம். அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எப்படித் தன் முடிவில் நிலைத்தார் என்பதை என்னால் விளக்க முடியாது. குழந்தைகள்மீது பாசம் குறைவு என்று சொல்ல அவருடைய கடிதங்கள் இடம் தரவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் அவர்களைக் கேட்கிறார்.

ஜூலை 6 அன்று பெர்லின் ராணுவ உயர் நீதிமன்றம், படையின் உறுதியைச் சிதைத்த குற்றத்துக்காக அவருக்கு மரண தண்டனை விதித்தது. அரசு நியமித்த வழக்கறிஞர் ஃபெல்ட்மான் அவர் மனத்தை மாற்றக் கடைசி முயற்சியாக ஃபிரான்சிஸ்காவையும் ஃபூர்ட்ஹவர் அடிகளாரையும் வரவழைத்தார். ஜூலை மாதத்தில் நடந்த அந்தச் சந்திப்புக்கு ஏறத்தாழ இருபது நிமிடம்தான் அனுமதி. அவ்வளவு தூரம் பயணம் செய்து வந்த மனைவியோடு பேசக் கிடைத்த நேரம் அது. அதில் ஒரு பகுதியை, படைக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிடு என்று குரு மன்றாடுவதற்கே கொடுக்க வேண்டியிருந்தது.

டேகல் சிறையின் ஆன்ம குரு குரோய்ட்ஸ்பெர்க் மட்டும் அவருக்கு வேறொரு செய்தி சொன்னார். ஃபிரான்ட்ஸ் ரைனிஷ் என்ற ஆஸ்திரியக் குரு ஒருவர் இதே காரணத்துக்காக, ஹிட்லருக்கு உறுதிமொழி எடுக்க மறுத்து, 1942இல் கொல்லப்பட்டார் என்றார். அதைக் கேட்டு இவர் பெரும் ஆறுதல் அடைந்தார். தான் தவறான வழியில் போகவில்லை என்பதற்கு ஒரு சாட்சி கிடைத்தது. அதுவரை ஒரு குருகூட அவரிடம் நீ செய்வது சரி என்று சொல்லவில்லை என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. மறைக்கல்வியில் மறைசாட்சிகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தவர்கள், ஒருவர் உண்மையாகவே அந்த வழியில் நடக்கத் துணிந்தபோது திகைத்துப் போனார்கள்.

ஆகஸ்ட் 9 அன்று அவரை பிராண்டன்பர்க் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த குரு யோக்மான் இறுதி அருளடையாளங்களை வழங்கினார். விவிலியம் வேண்டுமா என்று கேட்டபோது, வேறு எதிலும் கவனம் சிதறாமல் இறைவனோடு ஒன்றியிருக்கிறேன் என்பதாக மறுமொழி சொன்னார். மாலை 4 மணிக்குக் கில்லட்டினில் தலை வெட்டப்பட்டது. அன்று மாலை யோக்மான் அந்த நகரில் பணியாற்றிய ஆஸ்திரிய அருட்சகோதரிகளிடம், தன் வாழ்க்கையில் தான் சந்தித்த ஒரே புனிதர் உங்கள் நாட்டுக்காரர் என்று சொன்னார். அந்தச் சகோதரிகள் அவருடைய சாம்பல் எங்கே புதைக்கப்பட்டது என்று தெரிந்துகொண்டு அந்த இடத்தைப் பேணினார்கள். போர் முடிந்த பின் 1946இல் சாம்பல் ஊருக்கு வந்தது. அவர் மணி அடித்த கோயிலின் சுவரோரம், அதே ஆகஸ்ட் 9ஆம் தேதி, அடக்கம் நடந்தது.

மரணத்தோடு கதை முடிந்துவிடுவதாகப் பலர் எழுதுகிறார்கள். ஃபிரான்சிஸ்காவுக்கு அப்போது முப்பது வயது. அவர் நூறு வயதுவரை வாழ்ந்தார். எஞ்சிய எழுபது ஆண்டுகளும் இந்த வாழ்க்கைக் கதையின் பாகம்தான்.

அவருக்குப் போர் விதவை ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. கணவர் போரில் சாகவில்லை, போரை மறுத்துச் செத்தார் என்பது வாதம். 1950வரை அது கிடைக்கவில்லை. ஹிட்லர் தோற்று ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னும், ஹிட்லருக்காகச் சண்டையிட மறுத்தவரின் மனைவிக்கு விடுதலை அடைந்த ஆஸ்திரியா உரிய தொகையைத் தரவில்லை என்பதைத் திரும்பத் திரும்பப் படித்துத்தான் நான் நம்பினேன். நிலத்தை அவர் மாமியாரோடு சேர்ந்து தானே பார்த்தார். கணவர் செய்த கோயில் வேலையையும் ஏற்றுக்கொண்டார். அவளுடைய பக்திப் பைத்தியம்தான் அவனைக் கொன்றது என்ற ஊர்ப் பேச்சுக்கு நடுவே மூன்று மகள்களை வளர்த்தார்.

ஊராரை வெறுத்துவிட என்னால் முடியவில்லை. ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டிலும் போருக்குப் போனவர்கள் இருந்தார்கள். சிலர் திரும்பி வரவில்லை. சிலர் உறுப்பிழந்து வந்தார்கள். சிலர் கைதிகளாக ரஷ்யாவில் கிடந்து வந்தார்கள். ஃபிரான்ட்ஸ் சரி என்றால் எங்கள் பிள்ளை எதற்காகச் செத்தான்? அந்தத் தாய்மார்கள் வாய்விட்டுக் கேட்காத கேள்வி இது. திரும்பி வந்த வீரர்களுக்கும் அவர் பெயர் ஒரு முள். தாங்கள் பட்டதெல்லாம் கடமை என்று நம்பித்தான் அவர்களால் உறங்க முடிந்தது. அவர்களிடமும் துயரம் இருந்தது, அது உண்மையான துயரம். ஆனால் அந்தத் துயரத்தை ஒரு விதவைமீது இறக்கி வைத்தது அநியாயம். இரண்டையும் நான் ஒருசேரச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆயர்மீது எனக்கு அந்த அளவுக்குப் பரிவு வரவில்லை. 1946இல் மறைமாவட்டச் செய்தி இதழில் ஃபிரான்ட்ஸைப் பற்றிய கட்டுரை வெளிவருவதை ஃபிளீசர் தடுத்தார். கடமையைச் செய்து உயிர் விட்ட இளைஞர்களே பெரிய வீரர்கள் என்பது அவர் கருத்து. இப்போது பயப்பட ஹிட்லரின் ரகசியப் போலீசான கெஸ்டபோ இல்லை. அப்படியிருந்தும் அப்படித்தான் நினைத்தார். வெளியேற்றப்பட்டிருந்த கரோபாத் அடிகளார் திரும்பி வந்து வேறு வழியில் போனார். ஊரின் போர் நினைவுச் சின்னத்தில் மாண்ட வீரர்களின் பெயர்களோடு ஃபிரான்ட்ஸின் பெயரும் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். எதிர்ப்பு கிளம்பியும் பெயர் பொறிக்கப்பட்டது. அது பொருத்தமான இடம் என்றே நினைக்கிறேன். அவரும் சீருடை அணிந்தவர். அந்தப் போரால் கொல்லப்பட்டவர். உடன் போனவர்களை இகழாதவர்.

வெளியுலகுக்கு அவரைக் கொண்டுவந்தவர் கார்டன் ஸான் என்ற அமெரிக்கக் கத்தோலிக்கச் சமூகவியலாளர். இரண்டாம் உலகப் போரில் அவரும் மனசாட்சிக் காரணத்தால் ஆயுதம் ஏந்த மறுத்தவர். ஜெர்மன் கத்தோலிக்கர்கள் ஹிட்லரை எப்படி எதிர்கொண்டார்கள் என்று ஆராயும்போது இந்த விவசாயியின் பெயர் தற்செயலாக அவர் கண்ணில் பட்டது. ஊருக்குப் போய், ஃபிரான்சிஸ்காவையும் ஊராரையும் குருக்களையும் சந்தித்து, 1964இல் ஒரு நூல் வெளியிட்டார். அதன் வழியாக ஃபிரான்ட்ஸின் பெயர் இரண்டாம் வத்திக்கான் சங்கம்வரை போனது. அங்கே அவரைப் பற்றி எடுத்துரைத்தவர் இயேசு சபையைச் சேர்ந்த பேராயர் தாமஸ் ராபர்ட்ஸ். 1950வரை பம்பாய்ப் பேராயராக இருந்தவர் அவர். மனசாட்சியால் ஆயுதம் ஏந்த மறுப்பவர்களுக்குச் சட்டம் மனிதநேயத்தோடு இடம் தர வேண்டும் என்று 1965இல் சங்கம் தன் ஏட்டில் எழுதியது. ஒரு கோயில்பிள்ளை தன் ஆயரிடம் கேட்டுப் பெறாத பதில், இருபது ஆண்டுக்கு மேல் கழித்து உலக ஆயர்கள் அனைவரும் கூடிய மன்றத்திலிருந்து வந்தது.

பெர்லின் நீதிமன்றம் 1997 மே மாதம் பழைய தீர்ப்பை ரத்து செய்தது. 2007 அக்டோபர் 26 அன்று, ஆஸ்திரியாவின் தேசிய நாளில், லின்ஸ் பேராலயத்தில் அருளாளர் பட்டமளிப்பு நடந்தது. ஆயரிடம் பேசிவிட்டு வாடிய முகத்தோடு கணவர் வெளியே வந்த அதே லின்ஸ். 94 வயது ஃபிரான்சிஸ்கா கணவரின் திருப்பண்டம் வைத்த பேழையைக் கையில் ஏந்தி வந்தார்; ஆயரிடம் கொடுப்பதற்கு முன் அதை முத்தமிட்டார். மகள்கள் உடன் இருந்தார்கள். 2013 மார்ச் 16 அன்று, நூறாவது பிறந்தநாள் முடிந்து பன்னிரண்டாம் நாள், அவர் இறந்தார்.

திருஅவை ஃபிரான்ட்ஸின் திருநாளாக மே 21ஐக் குறித்திருக்கிறது. அது அவர் திருமுழுக்குப் பெற்ற நாள். அந்த நாளில் ஏதாவது ஒரு பங்கில் அவரைப் பற்றி மறையுரை நடந்தால், விவசாயக் குடும்பங்களும் ஓய்வுபெற்ற ராணுவத்தினரும் முன்வரிசையில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அவருடைய வாழ்க்கையின் கணக்கு வழக்கு அவர்களுக்குத்தான் உள்ளபடி விளங்கும். நிவாரணத்தை மறுப்பது என்றால் என்ன, உறுதிமொழி என்றால் என்ன, மூன்று பிள்ளைகளோடு நிலத்தைத் தனியாகப் பார்ப்பது என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மறையுரை ஆற்றுபவர் ஃபிரான்ட்ஸின் கடிதங்களை வாசித்தால், அவற்றுக்கு ஃபிரான்சிஸ்கா எழுதிய பதில்களையும் சேர்த்தே வாசிக்கட்டும்.